நான்கு மதர்போர்டுகளும் ஒரு பாளையங்கோட்டைப் பட்டறையும்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய அறையில், பழைய கணினிகளின் மதர்போர்டுகளை, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகைகளை, பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துகிறவரும் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரைப் பட்டறைக்காரர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். சென்ற ஆண்டில் நான்கு மதர்போர்டுகளை அவரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருக்கிறேன். நான்கிலும் பழுது ஒரே இடத்தில்தான் இருந்தது: கணினியின் மூளையான புராசசர் சிப்பில் அல்ல, புராசசரைத் தாங்கும் சாக்கெட்டில். இதை முதல் நாளே சொன்ன ஒரே மனிதர் அவர் என்பதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

தட்டச்சுப் பயிலகங்கள் கணினி மையங்களாக மாறிக்கொண்டிருந்த 1990களில், பாளையங்கோட்டையில் அப்படிப்பட்ட ஒரு மையத்தில் நான் பயிற்றுநராக இருந்தேன். மையம் மூடப்பட்டபோது எடைக்குப் போகவிருந்த சில இயந்திரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது மேல்மூடியைக் கழற்றி, இதுதான் புராசசர், இதுதான் நினைவகம் என்று கையால் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. காட்சிப் பொருளாக மட்டும் இல்லாமல் அவை ஓடவும் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்ததால்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

பட்டறைக்கு வருமுன், நான்கில் ஒன்றான பென்டியம் போர்டை வெளியூரில் ஒரு பெரிய கடைக்கு அனுப்பியிருந்தேன். புராசசர் செத்துவிட்டது என்று சொல்லி, வேறொரு புராசசரையும் என் தலையில் கட்டினார்கள். அதைப் பொருத்திய பிறகும் திரை இருட்டாகவே இருந்தது. அந்தப் போர்டையும் இரண்டு சிப்புகளையும் மேசையில் வைத்தபோது பட்டறைக்காரர் சொன்ன முதல் வார்த்தை இது: "அண்ணாச்சி, சிப்ப ஒண்ணுஞ் சொல்லாதிய. மொதல்ல அது உக்காந்துருக்க எடத்தப் பாப்போம்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புராசசர் பீங்கானுக்குள்ளோ பிளாஸ்டிக்குக்குள்ளோ மூடி அடைக்கப்பட்ட பொருள். மின்னழுத்தம் தவறாமல் கொடுத்தால் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். சாக்கெட்டோ திறந்து கிடக்கும் உலோகம். உப்புக் காற்றும் சாரலும் தூசியும் முதலில் தொடுவது அதைத்தான். வீட்டில் செம்புப் பானையை நான்கு நாள் துலக்காமல் விட்டால் களிம்பு ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். சாக்கெட்டுக்குள் இருக்கும் பிடிப்புத் தகடுகளும் பெரும்பாலும் செம்பின் கலப்பு உலோகங்களே. மேலே பூசிய தங்கமோ ஈயமோ தேய்ந்துவிட்டால் அவற்றுக்கும் அதே கதிதான்.

முதலில் கொடுத்தது உவரியில் ஓர் உறவினர் வீட்டில், கடலைப் பார்த்த அறையில் பல ஆண்டுகள் இருந்த எக்ஸ்டி வகைப் போர்டு. ஐபிஎம் 1981இல் வெளியிட்ட பிசி 5150 கணினியின் வழிவந்தது. அந்த மூல இயந்திரத்தில் இன்டெல் 8088 சிப் இருந்தது. பக்கத்துக்கு இருபதாக நாற்பது கால்கள், கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அருகிலேயே 8087 என்னும் கணிதத் துணைச் சிப்புக்காக இன்னொரு நாற்பது கால் சாக்கெட்டை வெறுமையாக விட்டிருந்தார்கள். என்னுடைய போர்டில் 8088க்குப் பதிலாக, அதே கால் அமைப்பில் என்இசி நிறுவனம் செய்த வி20 இருக்கிறது. இயந்திரம் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஓடும் நாளிலும் நடுவில் உறைந்து நின்றுவிடும்.

பட்டறைக்காரர் சிப்பை விளக்கின் கீழே சாய்த்துக் காட்டினார். ஒரு முனை மற்ற முனையைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருந்தது. இயந்திரம் ஓடும்போது சூட்டில் விரிந்து, நிறுத்தியபின் சுருங்கி, ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்ததில் சிப் தன் சாக்கெட்டிலிருந்து தானே மெல்ல மேலேறியிருக்கிறது. நாற்பது கால்களுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்ததால், 8088இல் எட்டுக் கால்கள் நினைவக முகவரியையும் தரவையும் மாறி மாறிச் சுமக்கின்றன. அந்த எட்டில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் இயந்திரம் தவறான இடத்துக்குப் போய்த் தவறான தரவையும் எடுத்துவரும். எனக்கு நேர்ந்த குழப்பத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

சிப்பை அழுத்தி உட்கார வைத்தாலே ஓடியிருக்கும். ஆனால் பழைய சாக்கெட், காலை ஒரு பக்கத்தில் மட்டும் தொடும் ஒற்றைத் தகடு வகை. உப்புக் காற்றில் அதன் விறைப்பும் போயிருந்தது. ஆகவே அதை எடுத்துவிட்டு, கடைந்தெடுத்த பின்களைக் கொண்ட சாக்கெட்டைப் பொருத்தினார். அதில் ஒவ்வொரு துளைக்குள்ளும் சிறு விரல்கள் நான்கு புறமும் காலைக் கவ்விக்கொள்கின்றன. விலை கூடுதல்தான், என்றாலும் கடற்கரை ஊரில் இருக்கப்போகும் இயந்திரத்துக்கு வேறு எதையும் போடச் சம்மதிக்க மாட்டேன் என்றார். கூலியும் பொருளும் சேர்த்து 350 ரூபாய். இன்றுவரை ஒரு முறைகூட உறையவில்லை.

இரண்டாவது, 286 வகைச் சிப்புக்கான போர்டு. ஐபிஎம் 1984இல் கொண்டுவந்த ஏடி இயந்திரத்தின் வழியில் வந்தது. இதில் சிப்பின் கால்கள் 68, நான்கு பக்கமும் 1.27 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்பக்கமாக மடங்கியிருக்கும். சாக்கெட் ஒரு சதுரக் கிணறு போல அதை உள்வாங்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளில் உள்ள பிளவுகளில் அதற்கான இடுக்கியை விட்டுத் தூக்க வேண்டும். அவசரத்தில் யாரோ திருப்புளியால் நெம்பியதில் ஒரு மூலை உடைந்திருந்தது. இவ்வகைச் சாக்கெட்டுகள் இன்றும் புதிதாக விற்பனைக்குக் கிடைப்பதால் வேலை இரண்டே நாளில் முடிந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது 486 போர்டைப் பற்றித்தான்.

இந்தத் தலைமுறையில் கால்கள் சிப்பின் ஓரத்தை விட்டு அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டன. 386 டிஎக்ஸில் 132 கால்கள், 1989இல் வந்த 486இல் 168. பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுக்க ஏற்ற எண்கள் இவை. பதினான்குக்குப் பதினான்கு கட்டத்தில் வெளிப்புற மூன்று வரிசைகளை மட்டும் நிரப்பினால் 132 வரும். பதினேழுக்குப் பதினேழு கட்டத்தில் அதையே செய்தால் 168 வரும். கால்கள் கூடியதற்குக் காரணமும் எளியது. முகவரிக்கு 32 வழி, தரவுக்கு 32 வழி என்று தனித்தனியே கொடுத்துவிட்டால் 8088போல மாற்றி மாற்றிச் சுமக்க வேண்டியதில்லை. வேகம் கூடுவதற்கேற்ப மின்சாரத்துக்கும் நிலத்தொடர்புக்கும் பல கால்கள் தேவைப்பட்டன.

கால்கள் கூடியபோது புதிய தொல்லை ஒன்று வந்தது. ஒவ்வொரு துளையும் தன் காலை இறுகக் கவ்வினால், 486க்கான, கூடுதலாக ஒன்றோடு 169 துளை கொண்ட சாதாரணச் சாக்கெட்டில் சிப்பை இறக்கச் சுமார் 45 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் வேண்டும். 25 கிலோ அரிசிப் பை இரண்டின் எடையை விடச் சற்றே குறைவு. குறைந்த அழுத்தம் போதும் என்று செய்யப்பட்ட சாக்கெட்டுகளிலும் 27 கிலோ தேவைப்பட்டது. எங்கள் மையத்தில் இப்படி அழுத்தியபோது போர்டு வளைந்து உள்ளே மின்சாரம் ஓடும் செம்புத் தடம் ஒன்று அறுந்துபோனது. அடியில் தாங்கல் வைக்க வேண்டும் என்று அன்று எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

இதற்குத் தீர்வாக வந்த, செருக அழுத்தமே வேண்டாத ஜிஃப் சாக்கெட்டை, கணினியின் வரலாற்றில் உரிய மதிப்புக் கிடைக்காத மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். பக்கத்தில் இருக்கும் லீவரை நிமிர்த்தினால் மேல்தட்டு இம்மியளவு நகரும்; துளைகள் தளர்ந்து நிற்கும்; சிப் தன் எடையாலேயே உள்ளே இறங்கும். லீவரை மடக்கினால் மேல்தட்டு மறுபடி நகர்ந்து, எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் தள்ளி, பிடிப்புத் தகடுகளோடு சேர்த்து அழுத்தும். இரண்டு விரல் போதும். அதுவரை பயந்து பயந்து செய்த வேலையை ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யலாம் என்றானது.

என் போர்டில் இருப்பது சாக்கெட் 3. 237 துளைகள், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கட்டத்தில் நான்கு வரிசைகளாக. பின்னால் வரவிருந்த மேம்பட்ட சிப்புகளுக்காக வெளி வரிசை ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். சாதாரண 486ஐப் பொருத்தும்போது அந்த வெளி வரிசை சுற்றிலும் காலியாக நிற்கும். ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்து முதலாம் காலைச் சரியான மூலையில் வைக்காமல் திருப்பி வைத்தால், சிப் எதிர்ப்பே காட்டாமல் இறங்கிவிடும்; மின்சாரம் கொடுத்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடக்கூடும். எளிமை தந்த சாக்கெட்டுக்கு இது ஒரு குறை என்றே சொல்வேன்.

பழுதுக்கு வேர் சாக்கெட்டிலிருந்து தள்ளி, கீபோர்டு இணைப்புக்கு அருகே இருந்தது. அக்காலத்து மதர்போர்டுகளில் கடிகாரத்துக்காக 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றை, சிறு உருளை வடிவில், நேரடியாகப் பற்றவைத்திருப்பார்கள். ஆண்டுகள் கடந்தால் அது கசியும், கசிவது காரம். என் போர்டைப் பெட்டியில் பேட்டரி மேல்பக்கம் இருக்கும்படி நிமிர்த்தி வைத்திருந்திருக்கிறேன். கசிந்த காரம் செம்புத் தடங்கள் வழியே மெல்ல இறங்கி, சாக்கெட்டின் ஒரு மூலையை அடைந்து, அங்கே பச்சையாகப் பூத்திருந்தது. படுக்கவைத்திருந்தால் சாக்கெட் தப்பியிருக்கும்.

பட்டறைக்காரர் வேலை செய்த முறையை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பேட்டரியை வெட்டி எடுத்தார். காரத்தை முறிக்க நீர் கலந்த வினிகரைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்தார். பின் தூய நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஓர் இரவு உலர விட்டார். மறுநாள் ஊசி முனை கொண்ட மல்டிமீட்டர் கம்பியால் ஒவ்வொரு துளையையும் அதன் தடத்தோடு சேர்த்து அளந்து, தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். பதினொரு துளைகள் தேறவில்லை. தடங்களில் இரண்டு அறுந்திருந்தன. சிப்பை அவர் அதுவரை தொடவே இல்லை.

சாக்கெட்டை எடுப்பதுதான் கடினம். நிலத்தொடர்புக் கால்கள் போர்டின் உள்ளடுக்கில் இருக்கும் அகன்ற செம்புத் தகட்டோடு இணைந்திருப்பதால், சால்டரிங் இரும்பின் சூட்டை அந்தத் தகடு விழுங்கிவிடும்; ஈயம் உருகாது. உருகட்டும் என்று இரும்பை நெடுநேரம் வைத்தால் போர்டில் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் பெயர்ந்துவிடும். மேலிருந்து வெப்பக் காற்றைக் கொடுத்தால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகும். எனவே அடியிலிருந்து போர்டு முழுவதையும் மெதுவாகச் சூடேற்றி, ஒவ்வொரு துளையாக ஈயத்தை உறிஞ்சி எடுத்தார். செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து எடுத்து வைத்திருந்த சாக்கெட்டைப் பொருத்தி, அறுந்த இரண்டு தடங்களுக்கும் எனாமல் பூசிய மெல்லிய கம்பியை ஓட்டினார். ஒரு வளையம்கூடப் பெயரவில்லை.

பிறகும் உடனே சிப்பை வைக்கவில்லை. சாக்கெட் 3, 5 வோல்ட் சிப்புகளையும் 3.3 வோல்ட் சிப்புகளையும் ஏற்கும். எது என்பதை, போர்டில் இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்புகளான ஜம்பர்களே தீர்மானிக்கின்றன. என்னுடையது 5 வோல்ட் டிஎக்ஸ்2-66 வகை 486. ஜம்பர்களைப் பார்த்து, சாக்கெட்டின் மின்கால்களில் மின்னழுத்தத்தை அளந்து, அதன் பிறகே சிப்பை இறக்கி லீவரை மடக்கினார். அதுவரை வெறும் கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்த போஸ்ட் கார்டில் (கணினியின் தொடக்கச் சோதனை எதுவரை போயிற்று என்று காட்டும் சோதனை அட்டை) எண்கள் ஓடத் தொடங்கின. நினைவகத்தை எண்ணும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது மையத்தில் வேலை பார்த்தபோது. 2,200 ரூபாய் வாங்கினார். இரண்டு நாள் உழைப்புக்கு அது குறைவு என்பது என் எண்ணம்.

நான்காவது, வெளியூர்க் கடை கைவிட்ட அந்தப் பென்டியம் போர்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியபோது, சிந்துபூந்துறையில் கீழ்த்தளத்தில் இருந்த அலமாரியில் தண்ணீர் ஏறியது. இந்தப் போர்டு சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. இதில் இருப்பது 1995இல் வந்த சாக்கெட் 7; 321 துளைகள், நேர்வரிசையில் இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்று விலகி நெருக்கமாக அமைந்தவை. இன்டெல் மட்டுமல்லாமல் ஏஎம்டி, சைரிக்ஸ் நிறுவனங்களின் சிப்புகளையும் இதே சாக்கெட்டில் பொருத்த முடிந்ததால், வாங்குகிறவர்களுக்கு இதைவிட நன்மை செய்த சாக்கெட் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பட்டறைக்காரர் சாக்கெட்டின் மேல்தட்டைப் பக்கவாட்டுப் பிடிகளிலிருந்து விடுவித்துக் கழற்றினார். உள்ளே ஆற்று வண்டல் உலர்ந்து மண்பாண்டம் போல இறுகியிருந்தது. லீவர் மடங்கினாலும் மேல்தட்டு முழுத் தூரம் நகரவில்லை. கால்கள் தகடுகளைத் தொடவில்லை. மென்மையான தூரிகையாலும் ஆல்கஹாலாலும் அரை நாள் சுத்தம் செய்து, தட்டைத் திரும்பப் பூட்டி, சிப்பின் உள்மையத்துக்கு 2.8 வோல்ட் என்று ஜம்பரை உறுதிசெய்து, செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட அதே பழைய பென்டியம் எம்எம்எக்ஸ் சிப்பை வைத்தார். ஓடியது. இன்றும் ஓடுகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சிப் டப்பாவில் கிடக்கிறது.

இனி குறைகள். இந்தப் பென்டியம் சாக்கெட்டில் சிப்பின் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கின் கிளிப் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உடைந்திருந்தது. அதை எப்பாக்சி பசையால் ஒட்டிக் கொடுத்தார். கிளிப்பின் இழுப்பும் சிப்பின் சூடும் சேரும் இடத்தில் பசை எத்தனை நாள் நிற்கும்? நாற்பதாம் நாள் பெயர்ந்துவிட்டது. இயந்திரம் அணைந்திருந்ததால் சிப் தப்பியது. அவர் வருத்தம் தெரிவித்து அந்த வேலைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்; ஆயினும், முழுச் சாக்கெட்டை மாற்றாமல் இது நிற்காது என்று முதலிலேயே மறுத்திருக்க வேண்டும். இப்போது ஹீட் சிங்க்கைத் தற்காலிகமாகக் கட்டி, பிள்ளைகளுக்குக் காட்டும் நேரத்தில் மட்டும் ஓட்டுகிறேன்.

இரண்டாவது, சரிசெய்த போர்டைத் தினசரித் தாளில் சுற்றித் தருகிறார். இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறவர், நிலைமின்சாரத்தைத் தடுக்கும் பை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா? நேரிலும் சொல்லியிருக்கிறேன். ரசீதும் கிடையாது, தொலைபேசியை வேலை நேரத்தில் எடுப்பதில்லை. 486க்கு ஏற்ற சாக்கெட் கிடைக்க மூன்று வாரம் ஆனபோது, விவரம் அறிய நான் இரண்டு முறை பேருந்தேறி வர வேண்டியிருந்தது.

ஒரு நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் இளைஞர் ஸ்லாட் 1 போர்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 1997இல் பென்டியம் 2 வந்தபோது சாக்கெட்டைக் கைவிட்டு, இரண்டாம் நிலை கேஷ் என்னும் வேக நினைவகச் சிப்புகளையும் சேர்த்து, மின்சுற்றுப் பலகையோடு கூடிய ஒரு பெட்டகத்தில் வைத்து, 242 தொடுமுனைகள் கொண்ட நீண்ட பிளவில் செருகினார்கள். கேஷ், புராசசருக்குள்ளேயே வந்த பிறகு பெட்டகத்துக்குத் தேவையில்லாமல்போய், சாக்கெட் 370 என்று பழைய சதுரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்த இளைஞர் தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்க்கத் தொடங்கியதும் பட்டறைக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். "தம்பி, ரப்பர் போட்டியன்னா தங்கம் தேஞ்சுரும், தூளு பூரா ஸ்லாட்டுக்குள்ள விழும்" என்று சொல்லி, பஞ்சிழை உதிராத துணியையும் ஆல்கஹாலையும் நீட்டினார். எங்கள் மையத்தில் ஆண்டுக்கணக்கில் நாங்கள் ரப்பரால்தான் தேய்த்தோம். எத்தனை தொடுமுனைகளின் தங்கத்தை எடுத்தோமோ என்று அன்று வருந்தினேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போகலாம். வீட்டில் ஓடாத பழைய போர்டு ஏதேனும் இருந்தால் கூடவே எடுத்துச் செல்லுங்கள். கூலியில் கழித்துக்கொள்கிறார், அதன் சாக்கெட் வேறொருவருக்குப் பயன்படுகிறது. குறிப்பாக, கொக்கி உடையாத சாக்கெட் 7 உள்ள போர்டு கிடைத்தால் என் வேலைக்காக அவர் காத்திருக்கிறார். தசரா நாள்களில் சந்து முழுவதும் சப்பரக் கூட்டமாக இருக்கும் என்பதால் அந்தப் பத்து நாளும் பட்டறை திறப்பதில்லை.